கூடினால் மட்டும் நில்

தேத்தண்ணி உப்புக் கரிக்கிறது என்று முதலில் சொன்னவள் என் மனைவி. சொன்னாள் என்பதைவிட ஏசினாள் என்பதுதான் சரி. அன்று ஊற்றியது நான். ஒரு வாய் குடித்தவள் கோப்பையை மேசையில் வைத்தாள்.

"சீனிப் போத்தலுக்கும் உப்புப் போத்தலுக்கும் வித்தியாசம் தெரியாத வயசு வந்திட்டுது உங்களுக்கு."

"ரெண்டு கண்ணாலயும் பாத்துத்தான் போட்டனான்."

"அப்ப இப்ப நாக்கால பாருங்க."

குடித்துப் பார்த்தேன். கரித்தது. ஆனால் அது போத்தல் உப்பு இல்லை. போத்தல் உப்பு நாக்கு நுனியிலேயே குத்தும். இது தொண்டைக்குள் இறங்கியபிறகு அடியிலிருந்து மெல்ல எழும்பி வந்தது. செருப்பும் போடாமல் தோட்டத்துக் கிணற்றுக்குப் போய் வாளியை விட்டு ஒரு கை அள்ளிக் குடித்தேன். கிணற்றுக்குள் உப்பு ஏறத் தொடங்கியிருந்தது.

எங்கள் தோட்டம் கண்டக்குழிப் பக்கம். எல்லாம் மணல். ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தோண்டினால் தண்ணீர் வந்துவிடும். நல்ல தண்ணீர் மேலே கிடக்கும், கடல் தண்ணீர் அதற்குக் கீழே கிடக்கும். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படுத்திருக்கிற மாதிரி. கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் மேலே கிடக்கிறது மட்டும் வரும். ஒரேயடியாக இழுத்தால் கீழே கிடக்கிறது எழும்பிவிடும். எழும்பினால் லேசில் இறங்காது, பெருமழை வேண்டும். அது ஆடி மாதம். கச்சான் காற்று மணலை அள்ளிக் கண்ணில் போட்டுக்கொண்டிருந்தது. மழைக்கு இன்னும் எவ்வளவோ நாள் கிடந்தது. வெங்காயம் அப்போதுதான் கிழங்கு பிடிக்கத் தொடங்கியிருந்தது. அந்த நேரத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் தாள் நுனி கருகும், பிறகு பாத்தியே படுத்துவிடும். வெங்காயம் போனால் ஒரு போகம் போகும். கிணறு போனால் அந்த மண்ணில் எங்களுக்கு என்ன வேலை?

உப்பை நாக்கில் நிறுத்துப் பார்க்க எனக்குத் தெரியும். தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் முஸ்லிம்களை மன்னாரைவிட்டுப் போகச் சொன்னபோது எங்களையும் வள்ளத்தில் ஏற்றிவிட்டார்கள். இந்தக் கரையில் இறங்கியபோது யாரோ ஒரு மனுசி பனை ஓலை நிழலில் வைத்து எங்களுக்குத் தண்ணீர் தந்தாள். அதுவும் கரித்தது. எங்கள் ஊர்த் தண்ணீர் நினைவில் இருந்ததால் எனக்கு இறங்கவில்லை. என் மனைவி மடமடவென்று குடித்துவிட்டு, "குடிங்க, இனி இதுதான் தண்ணி," என்றாள். அந்தக் கரிப்பு இன்றைக்கும் என் நாக்கில் இருக்கிறது. அதை வைத்துத்தான் மற்றதையெல்லாம் கூடுதலா குறைவா என்று சொல்வேன். கிணற்றுத் தண்ணீர் அன்றைய கரிப்புக்கு இன்னும் வரவில்லை. ஆனால் வழியில் இருந்தது.

நேரே மகளிடம் போனேன். அவள் கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதுகிறவள். புருசன் கட்டாரில். முன்னறையில் ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு லெப்டொப். காலை தொடங்கினால் விரல் நிற்காது. எங்கள் மோட்டருக்கு ஒரு சின்னப் பெட்டி செய்து போட்டவளும் அவள்தான். அதற்கு ஒரு காரணம் இருந்தது. மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது. அதனால் ஒரு நாளில் பல தடவை, ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம் மட்டும் மோட்டரைப் போட்டு நிறுத்த வேண்டும். அந்த ஓட்டத்தை நான் ஓடிக்கொண்டிருந்தேன். இந்தப் பங்குனி உச்சி வெயிலில் மோட்டர் கொட்டிலடியில் மயங்கி விழுந்தேன். டொக்டர் இனி வெயிலில் நிற்கக் கூடாது என்றார். மகள் சில கிழமைக்குள் பெட்டியைக் கொண்டுபோய்க் கொட்டிலில் பூட்டினாள். அதற்குள் ஒரு மணிக்கூடு, ஒரு புரோகிராம். நேரம் வந்தால் மோட்டரைப் போடும், அளவு முடிந்தால் நிறுத்தும்.

அதன்பிறகு எனக்கு வேலை இல்லை. இருந்தாலும் இருக்க முடியவில்லை. மோட்டர் சத்தம் கேட்டால் எழும்புவேன், நின்றால் இருப்பேன். என் மனைவி, "பெட்டி ஒண்டு மோட்டருக்கு, ஒண்டு உங்களுக்கும் செஞ்சிருக்கலாம்," என்பாள்.

"மகள், உன்ர பெட்டி தண்ணியைக் கூட இழுக்குது," என்றேன்.

அவள் திரும்பவில்லை. "ஏலா வாப்பா. அளவு வச்சுத்தான் எழுதினனான். அதுக்கு மேல ஓடாது."

"கிணறு கரிக்குது."

இப்போது திரும்பினாள். எழுந்து வந்து குடித்துப் பார்த்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு மோட்டர் கொட்டிலைப் பார்த்தபடி நின்றாள். அப்போது பக்கத்துத் தோட்டக்காரர் வேலியடிக்கு வந்தார். அவர் எனக்கு ஒரு வகையில் மச்சான் முறை, வாயில் பூட்டு இல்லாத மனிசன்.

"என்ன கொம்பியூட்டர் மச்சான், கிணத்தடியில மாநாடு?"

"உங்கட கிணறு எப்படி?" என்று கேட்டேன்.

"என்ர கிணறு என்னத்தை? நிலத்துக்குக் கீழ எல்லாருக்கும் ஒரே தண்ணிதான். உங்கட மோட்டர் பின்னேரத்தில ஓடுது ஓடுது, ஓடிக்கொண்டே கிடக்கு. நான் அஸர் தொழுது பள்ளியால வந்து தேத்தண்ணியும் குடிச்சு முடிஞ்சும் ஓடுது. என்ர தண்ணியையும் சேத்துத்தான் குடிக்குதோ தெரியா."

"ஏன் இதை முந்தியே சொல்லல்ல?"

"நீங்க புதுசா ஏதோ விஞ்ஞானம் செய்யிறீங்க எண்டு நினைச்சேன்."

மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. பின்னேரம் மூன்றரை மணித் தண்ணீர்தான் அது. அந்த நேரம் வீட்டில் யாரும் தோட்டப் பக்கம் போவதில்லை. நான் அஸர் தொழப் பள்ளிக்குப் போனால் தொழுதுவிட்டு வெளியே இருந்து கதைத்துத்தான் வருவேன். பெண்கள் இரண்டு பேரும் வீட்டுக்குள் தொழுவார்கள், பிறகு குசினியில் அடுப்படி வேலை. மோட்டர் கொட்டில் தோட்டத்தின் மற்றப் பக்கம். கச்சான் காற்று தொடங்கினால் எங்கள் பக்கமிருந்து அங்கே வீசுகிறதால் அதன் சத்தம் எங்களுக்கு வருவதில்லை. மணலும் சாட்சி சொல்லாது. எவ்வளவு ஊற்றினாலும் குடித்துவிட்டுக் காய்ந்த முகத்தோடு கிடக்கும்.

"கழட்டி எறி," என்றேன். "நான் பழையபடி போட்டு நிப்பாட்டுறன்."

"நீங்க பழையபடி விழுவீங்க," என்றாள் மகள்.

பெட்டியைக் கழட்டினாள்தான். ஆனால் எறியவில்லை. வீட்டுக்குள் கொண்டுவந்து தன் மேசையில் வைத்து, ஒரு வயரால் லெப்டொப்போடு சேர்த்தாள். மோட்டருக்குப் போகிற இடத்தில் ஒரு பல்ப்பைக் கட்டினாள். "இனி இதுதான் மோட்டர். பல்ப் எரிஞ்சா மோட்டர் ஓடுது. அணைஞ்சா நிக்கிது. ஒரு சொட்டுத் தண்ணியும் வீணாப் போகாது," என்றாள். அதுவரை உண்மை மோட்டரை அவளும் உம்மாவும் மாறி மாறிப் போய்ப் போட்டு நிறுத்தினார்கள். என் மனைவி குடை பிடித்துக்கொண்டு போய்ச் சுவிச்சைப் போடுவதைப் பார்க்க யாரோ பெரிய மனுசி திறப்பு விழாவுக்குப் போகிற மாதிரி இருக்கும். நான் சிரிக்கவில்லை. கிணறு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சம் கரித்தது.

பின்னேரம் மகள் அந்த மேசையில் குந்தினால் நான் பக்கத்துக் கதிரையில். பார்த்தாலும் விளங்காது, பார்க்காமலும் இருக்க முடியாது. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும், அதுவும் தமிழ். திரையில் இங்கிலிசு வரி வரியாகக் கிடந்தது. ஒரு வரிக்கு முன்னால் சிவப்புப் பொட்டு ஒன்று வைத்தாள்.

"இது என்ன?"

"பிரேக்பாயிண்ட். புரோகிராம் ஓடி வந்து இந்த வரியை மிதிக்கும்போது அப்படியே நிண்டிடும். மூச்சும் விடாது. நான் உள்ளுக்கு என்ன கிடக்கு எண்டு ஒண்டொண்டாப் பாப்பன். பிறகு போ எண்டாப் போகும்."

"செக் பொயிண்ட் மாதிரி."

"ஓம் வாப்பா, செக் பொயிண்ட்தான்."

அந்தக் காலத்தில் மதுரங்குளிக்கு லொறியில் வெங்காயம் கொண்டுபோகும்போது எத்தனை இடத்தில் நிறுத்துவார்கள். லொறி நிற்கும், சனம் இறங்கும், அடையாள அட்டை, பை, சாக்கு, எல்லாம் பார்ப்பார்கள். சில இடத்தில் மூட்டைக்குள் கம்பி விட்டுக் குத்துவார்கள். வெங்காயத்துக்குள் என்ன இருக்கும்? வெங்காயம்தான் இருக்கும். குத்துப்பட்ட வெங்காயம் அழுகி, பக்கத்தில் இருந்ததையும் அழுகப் பண்ணும். எனக்கு நிற்கவே பிடிக்காது. லொறி நின்றாலும் என் கால் நிற்காது, ஆட்டிக்கொண்டே இருப்பேன். ஒருதரம் ஒரு ஆமிக்காரப் பெடியன் சிங்களத்தில், "உனக்கு என்ன, மோட்டர் பூட்டியிருக்கா?" என்று என் காலைக் காட்டிக் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டு எங்களைப் போக விட்டான்.

மகளின் செக் பொயிண்டில் ஒன்றும் அகப்படவில்லை. மூன்றரைக்குப் பல்ப் எரியும். புரோகிராம் பொட்டில் வந்து நிற்கும். அவள் உள்ளே பார்ப்பாள். "மிச்சம்" என்று ஒன்று வைத்திருந்தாள், இன்னும் எவ்வளவு நேரம் மோட்டர் ஓட வேண்டும் என்கிற கணக்கு. முழு அளவில் தொடங்கி நிமிசத்துக்கு ஒன்றாகக் குறையும். ஒன்றுமில்லை என்று ஆனதும் மோட்டர் நிற்கும். அவள் பார்க்கும்போதெல்லாம் அது ஒழுங்காகக் குறைந்துகொண்டிருந்தது. பள்ளியில் தொழுகைக்கு அழைத்து அஸர் பாங்கு சொல்லும். மோதினாரின் முதல் சத்தம் கேட்டதும் அவள் புரோகிராமை அப்படியே நிறுத்திவிட்டு, முந்தானையால் தலையை மூடிக்கொண்டு பாங்கு முடியும்வரை பேசாமல் இருப்பாள். பிறகு கை கால் முகம் கழுவி ஒளு எடுக்கப் போய்விடுவாள். தொழுதுவிட்டு வந்து, போ என்பாள். அது போகும். மிச்சம் குறையும், பல்ப் அணையும். ஒரு நிமிசமும் கூட ஓடாது.

"பாத்தீங்களா? ஒழுங்காத்தான் நிக்கிது."

"அப்ப கிணறு பொய் சொல்லுதா?"

"நான் பொய் எண்டு சொல்லல்ல வாப்பா!"

"மச்சான் பொய் சொல்றாரா?"

"அவர் சொல்லுவார்," என்று குசினியிலிருந்து என் மனைவி சத்தம் போட்டாள். "ஆனா இதில இல்ல."

இப்படி நாலைந்து பின்னேரம். பொட்டை இந்த வரியில் வைத்தாள், அந்த வரியில் வைத்தாள். எங்கே வைத்தாலும் வருகிறது நல்ல பிள்ளையாக வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முன்னறைக்கும் கிணற்றுக்கும் இடையில் நடந்து நடந்து மணலில் ஒரு தடம் போட்டுவிட்டேன். கடற்கரைப் பக்கத்து மேற்குப் பாத்திகளில் தாள் நுனி மஞ்சளாகியிருந்தது. குனிந்து ஒன்றைத் தடவினேன். நுனி உதிர்ந்து கையில் வந்தது. அதை மகளிடம் காட்டப்போய், காட்டாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவள் இரண்டு நாளாக ஒழுங்காகச் சாப்பிடவும் இல்லை. கம்பனி வேலையும் பிந்திக்கொண்டு போனது. ஒரு பின்னேரம் லெப்டொப்பைப் படாரென்று மூடினாள்.

"நான் வழியில நிண்டு பாத்துப் பிரயோசனமில்ல," என்றாள். "எந்த வழியால வருது எண்டே எனக்குத் தெரியா. சாமானுக்குப் பக்கத்தில இருந்துதான் பிடிக்க வேணும்."

"எப்படி?"

"வாட்ச்பாயிண்ட் எண்டு ஒண்டு கிடக்கு. அது வரிக்குப் போடுற காவல் இல்ல, சாமானுக்குப் போடுற காவல். 'மிச்சம்' எண்ட அந்தக் கணக்கை ஆர் தொட்டாலும், எங்கயிருந்து வந்து தொட்டாலும், அந்த இடத்திலயே பிடிச்சு நிப்பாட்டும். ஆனா இந்தச் சின்னப் பெட்டியில ரெண்டே ரெண்டு காவல்தான் போடலாம்."

இது எனக்கு உடனே விளங்கியது. மன்னாரில் நாங்கள் கருவாடு காயப்போடுகிற பரண் ஒன்று இருந்தது. கட்டாப் பாரை, சூடை, சீசனுக்குச் சீசன். ஒரு சீசனில் பட்டப்பகலில் கருவாடு குறைந்தது. என் காக்கா, எனக்கு மூத்தவர், பக்கத்து மீன்வாடிக்காரர்களைச் சந்தேகப்பட்டார். எங்கள் வாடிக்கு வருகிற பாதையில் நானும் அவரும் மாறி மாறிக் குந்தியிருந்தோம். யாரும் வரவில்லை. கருவாடு மட்டும் குறைந்தது. காக்கா வாடிக்காரர்களோடு வாய்ச் சண்டைக்கும் போய்விட்டார். கடைசியில் எங்கள் வாப்பா பரணின் ஒவ்வொரு தட்டிலும் நூல் கட்டி, நூலில் வெற்றுத் தகரப் பேணிகளைத் தொங்கவிட்டார். மத்தியானம் பேணி கடகடத்தது. ஓடிப் போனால், எங்கள் சொந்தப் பூனை. அது பரணுக்கு அடியிலேயே படுத்துக் கிடக்கிற பூனை, காவலுக்கு என்று நாங்களே தலையைத் தடவித் தீனி போடுகிறது. அது எந்தப் பாதையால் வர வேண்டும்? காக்கா ஒரு கிழமை வாடிப் பக்கம் தலை காட்டவில்லை.

இதை மகளுக்குச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். "பேணிதான் வாப்பா, பேணிதான்," என்று சொல்லிக்கொண்டே லெப்டொப்பைத் திறந்துவிட்டாள்.

அடுத்த நாள் மூன்றரைக்குப் பல்ப் எரிந்தது. ஒரு நிமிசம் போனதும் புரோகிராம் நின்றது. ஏதோ பிடிபட்டுவிட்டது என்று நான் எழும்பினேன். "இல்ல, இது குறையுறதுக்கு நிண்டது. அதுவும் தொடுறதுதானே," என்றாள். போ என்றாள். அடுத்த நிமிசம் திரும்பவும் நின்றது. அதற்கடுத்த நிமிசமும். தகரப் பேணி காற்றுக்கு அடிக்கிற மாதிரி. அவளுக்குக் கோபம் வந்தது, எனக்கும் வந்தது.

"காத்துக்குச் சத்தம் போடாத பேணி இல்லையா?"

"கிடக்கு. நிபந்தனை போடலாம்." உதட்டைக் கடித்துக்கொண்டு ஏதோ தட்டினாள். பிறகு எனக்காகத் தமிழில் வாசித்தாள்: "குறைஞ்சா விடு. கூடினால் மட்டும் நில்."

பெட்டியை அணைத்துத் திரும்பப் போட்டாள். தண்ணீர் நேரம் இன்னும் முடியாததால் அது தன்பாட்டில் முதலிலிருந்து தொடங்கியது. பல்ப் எரிந்தது. மிச்சம் குறைந்தது, நிற்கவில்லை. பள்ளியில் ஒலிபெருக்கி கரகரத்து அஸர் பாங்கு தொடங்கியது. அவள் கை வழக்கம்போல நிறுத்தப் போனது. பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

"இண்டைக்கு நான் நிப்பாட்டத் தேவையில்ல. ஏதும் நடந்தா அது தானா நிக்கும். நீங்க ஒண்டையும் தொடாதீங்க வாப்பா."

முந்தானையை இழுத்துவிட்டபடி உள்ளே போனாள். நானும் பள்ளிக்குப் போயிருக்க வேண்டும். முழங்கால் வலியென்று எனக்கே ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டு இருந்துவிட்டேன். வீட்டில் தொழலாம்.

பாங்கு நடந்துகொண்டிருக்கும்போதே பல்ப் அணைந்தது.

கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். மேலே பார்த்தால் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. மிச்சம் இன்னும் பாதிக்கு மேல் கிடந்தது, அந்த இலக்கம் எனக்கு வாசிக்கத் தெரியும். யாரும் தொடவில்லை. நான் கதிரையில் கையை மடித்து வைத்துக்கொண்டேன், தெரியாமல்கூடப் பட்டுவிடக் கூடாது என்று. மோதினார் பாங்கை முடித்தார். ஒலிபெருக்கி அணைந்தது. இன்னும் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு திரையில் ஒரு வரி மஞ்சளாகியது. பல்ப் எரியவில்லை. மிச்சம் என்கிற இடத்தில் இருந்த பாதிக் கணக்குப் போய், முழு அளவு வந்து நின்றது.

"மகள்!" என்று கத்தினேன். தொழுகையில் இருக்கிறாள் என்று பிறகுதான் நினைவு வந்தது. கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்கிறவரை நின்ற மாதிரி நீண்ட நேரம் நான் எந்தச் செக் பொயிண்டிலும் நின்றதில்லை.

தொழுகை உடுப்போடேயே வந்தாள். "நீங்க தொட்டீங்களா?"

"அல்லாமேல நான் தொடல்ல."

குனிந்து மஞ்சள் வரியைப் பார்த்தாள். அது மோட்டரைத் தொடங்குகிற இடம், முழு அளவையும் நிரப்புகிற வரி. "இதை ஒவ்வொரு தண்ணி நேரத்துக்கும் மணிக்கூடு மட்டும்தான் கூப்பிடும். இப்ப ஆர் கூப்பிட்டது?" பக்கத்தில் ஒரு பட்டியில் கூப்பிட்டவர்களின் வரிசை இருக்குமாம். அதை விரலால் தொட்டு மேலே போனாள். ஓரிடத்தில் விரல் நின்றது. பிறகு பக்கத்துக் கதிரையில் இருந்துவிட்டாள்.

"வாப்பா, இது உங்கட பாங்கு."

"என்ர பாங்கா?"

"நீங்க மோட்டர் போட்ட காலத்தில, பாங்கு கேட்டா நிப்பாட்டுவீங்க. முடிஞ்ச பிறகு திரும்பப் போடுவீங்க. நான் சின்னதில இருந்து பாத்தது அதுதானே. கடைசியா அதையும் பள்ளியிட பாங்கு அட்டவணையோட சேத்து எழுதிப் போட்டனான். பாங்கு நேரம் மோட்டர் ஓடினா நிக்கும், முடிஞ்ச பிறகு திரும்பத் தொடங்கும். விட்ட இடத்தில இருந்து தொடங்க எழுதாம, முதல்ல இருந்து தொடங்க எழுதிட்டன்."

அப்படி ஒன்றை அவள் உள்ளே வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. பாங்கு நேரம் இயந்திரச் சத்தம் போடக் கூடாது என்று யாரும் எனக்கும் சொல்லித் தரவில்லை, கை தன்பாட்டில் சுவிச்சுக்குப் போகும்.

"அப்ப இவ்வளவு மாசமும் ஏன் ஒண்டும் நடக்கல்ல?"

"சித்திரை, வைகாசியில அஸர் முந்திச் சொல்லி முடிஞ்சிடும், மோட்டர் தொடங்க முன்னம். இப்ப பாங்கு பிந்திப் பிந்தித் தண்ணி நேரத்துக்குள்ள வந்திட்டுது." அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "நான் இருந்து பாத்த நாளெல்லாம் பாங்குக்கு நானே நிப்பாட்டிப்போட்டுத் தொழப் போயிட்டன். திரும்பி வரேக்க பாங்கு நேரம் தாண்டிப் போச்சு. அந்த நேரத்தில அது என்ன செய்யுது எண்டு ஒரு நாளும் பாக்கல்ல."

குசினி வாசலில் நின்ற என் மனைவி, "அல்லாட தொழுகைக்குப் போனதில பிழை இல்ல," என்றாள். "எழுதினதிலதான் பிழை."

"ஓம் உம்மா, விளங்குது உம்மா."

திருத்த அவளுக்கு ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்கூடப் போகவில்லை. விட்ட இடத்திலிருந்து தொடங்க எழுதினாள். "பாங்குத் துண்டை எடுத்துவிடவா வாப்பா? எடுத்தா இந்தக் கரைச்சலே இல்ல," என்று கேட்டாள். நான் யோசித்தேன். கிணற்றைக் கேட்டால் எடு என்று சொல்லியிருக்கும். "கிடக்கட்டும்," என்றேன். சொன்ன உடனே சரியாகச் சொன்னேனா என்று மனம் அரித்தது.

பிழை பிடிபட்டதால் உப்பு இறங்கவில்லை. மச்சான் வந்து குடித்துப் பார்த்துத் துப்பினார். அன்று அவர் பகிடி விடவில்லை.

"பாதி விடுங்க," என்றார். "முழுத் தோட்டத்துக்கும் இழுத்தா இந்தக் கிணறு மழைக்கு முன்னம் போயிடும். பாதியை விட்டா மற்றப் பாதிக்கு ஏதோ இருக்கும். என்ர கிணத்துக்கும் அதுதான் நல்லம்."

எந்தப் பாதி என்று நான்கு பேரும் நின்று பார்த்தோம். பார்க்க ஒன்றுமில்லை. மேற்குப் பாத்திகள் ஏற்கெனவே மஞ்சள். மகள் தள்ளி நின்றாள். தன் எழுத்தால் வந்தது என்று நிற்கிறாள் என்று தெரிந்தது. நானே போய் மேற்குப் பக்கம் போகிற குழாயை மூட்டில் கழட்டி, வாயில் ஒரு பொல்லை அடித்து இறுக்கினேன். குழாயில் மிச்சம் கிடந்த தண்ணீர் என் காலில் ஊற்றுப்பட்டது. அந்த வெங்காயம் நட்டது நாங்கள் மூன்று பேரும் ஒரே நாளில், முதுகு நிமிராமல். ஒரு கிழமையில் மணலோடு மணலாகப் படுத்துவிட்டது. என் மனைவி கொஞ்சத்தைத் தாளோடு பிடுங்கிச் சுண்டினாள். யாருக்கும் இறங்கவில்லை.

பெட்டியைத் திரும்பக் கொட்டிலில் பூட்டிய முதல் நாள் பின்னேரம், நான் பள்ளிக்கென்று வெளிக்கிட்டேன். "நிண்டு பாக்கத் தேவையில்ல வாப்பா, நான் பாக்கிறன்," என்றாள் மகள். சரி என்று நடந்தேன். வீட்டு வழியால் போகாமல் தோட்டத்தின் மற்றப் பக்கத்து ஒழுங்கையால் போனேன். அங்கே காற்று மோட்டர் சத்தத்தைக் கொண்டுவந்து தரும். ஓடிக்கொண்டிருந்தது. பாதி தூரம் போயிருப்பேன், பாங்கு தொடங்கியது. மோட்டர் நின்றது. நானும் நின்றேன். பாங்கு முடிந்து, சற்றுப் பொறுத்து மோட்டர் திரும்பத் தொடங்கியது. இனி அது எப்போது நிற்கும்? கால் பள்ளிப் பக்கமும் போகவில்லை, தோட்டப் பக்கமும் போகவில்லை. பள்ளியில் இகாமத் சொல்லுகிறது கேட்டது. ஜமாஅத் தொழுகை தொடங்கப் போகிறது. நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓடுகிறது. இன்னும் ஓடுகிறது. திருத்தினது சரியில்லையோ? நின்றது.

நின்ற பிறகும் நான் அசையவில்லை. திரும்பத் தொடங்குமோ என்று காது கொடுத்துக்கொண்டு நின்றேன். பள்ளியிலிருந்து சனம் வெளியே வரத் தொடங்கியது. மச்சான் அந்த ஒழுங்கையால்தான் வந்தார்.

"தொழுகை முடிஞ்சிட்டுது மச்சான். எங்க நிண்டீங்க?"

"மோட்டர் நிக்கும் மட்டும் நிண்டனான்."

"நிண்டிட்டுதா?"

"நிண்டிட்டுது."

"உண்மையா?"

அவரும் என் பக்கத்தில் வந்து நின்று, தொப்பியைக் கழட்டிக் கையில் வைத்துக்கொண்டு காது கொடுத்தார். காற்றில் மணல் வேலித் தகரத்தில் பட்டுச் சரசரத்தது. வேறொன்றும் கேட்கவில்லை.

"நிண்டுதான் போச்சு," என்றார். "போங்க, போய்த் தொழுங்க. நான் கொஞ்ச நேரம் இதில நிக்கிறன்."

பள்ளிக்குள் ஒருவரும் இல்லை. மோதினார் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். தூணடியில் தனியாக நின்று தக்பீர் கட்டினேன். எத்தனை ரக்அத் தொழுது முடித்தேன் என்கிற கணக்கு இடையில் தடுமாறி, திரும்பவும் முதலிலிருந்து தொழுதேன்.